மொட்டைமாடியில் ஒரு உளவாளி

ஆஸ்பத்திரியின் மொட்டைமாடியில் பழைய தளத்தைக் கொத்தியெடுக்கும் சத்தம் நின்று, ஆட்கள் டீ கிளாஸைக் கையில் எடுத்ததுதான் தாமதம், மேஸ்திரியின் போன் அடித்தது.

“என்ன மேஸ்திரி, எல்லாரும் உட்கார்ந்தாச்சா?”

இன்ஜினியர்தான். ஒரு வாரமாக மனுஷன் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கேட்டால் வெளியூர் என்கிறார். ஆனால் இங்கே கை ஓய்ந்தால் அங்கே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடுகிறது. எப்படித்தான் தெரிகிறதோ! தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கேமரா இருக்கிறதா என்றுகூட மேஸ்திரி தேடிப் பார்த்துவிட்டார்.

“நமக்குள்ளயே எவனோ போட்டுக் கொடுக்கிறான்” என்று ஆட்களை முறைத்தவர், புதிதாகச் சேர்ந்த கொத்தனாரிடம் திரும்பினார். “நீ நாளையிலேருந்து வராதே!”

“சத்தியமா நான் இல்லண்ணே! எங்கிட்ட போனே கிடையாது!”

அதற்குள் நர்ஸ் படியேறி வந்துவிட்டாள். “மேஸ்திரி, கொஞ்சம் கீழே வாங்க. உங்களால ஒரு பேஷண்ட் தூங்கவே மாட்டேங்கிறாரு.”

மேஸ்திரி பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினார். “மன்னிச்சுக்கம்மா. இனிமே சத்தம் வராம பாத்துக்கிறேன்.”

“ஐயையோ, அப்படி எதுவும் செஞ்சுடாதீங்க! மேல கொத்துற வரைக்கும் குழந்தை மாதிரி தூங்குறாரு. சத்தம் நின்னாத்தான் பொசுக்குன்னு முழிச்சுக்கிறாரு.”

அவள் கட்டிலைச் சுற்றியிருந்த திரையை விலக்கவும், மேஸ்திரியின் சட்டைப்பையில் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கூரையையே முறைத்தபடி, காதில் போனுடன் படுத்திருந்தார் இன்ஜினியர்.

“என்ன மேஸ்திரி, இன்னுமா டீ குடிக்கிறீங்க?”