கொலையாளிக்கு ஓர் இடம்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவர்: பெரியப்பா, அவருடைய தம்பி மகள்கள் இருவர். ஆளுக்கொரு வேடம் கட்டும் கதை விளையாட்டு. மாலை வெயில் பகடைகளில் மின்னுகிறது. "நீ யாருடி?" என்கிறாள், கதை நடத்தும் மூத்தவள். சின்னவள் அட்டையை நீட்டுகிறாள்: கொலையாளி. பெரியப்பாவின் முதுகு நிமிர்கிறது. "திருடன் அட்டையிலயும் கத்தி இருக்கு, என் வீரன்கிட்டயும் இருக்கு. கொல்றதுக்குன்னே தனியா ஒருத்தி எதுக்கு? அதுவும் நம்ம வீட்டுப் பொண்ணு!" சின்னவளின் காது சிவக்கிறது; எப்போதும்போல முதல் எழுத்திலேயே நாக்கு சிக்குகிறது. "அ... அவங்கெல்லாம் வாயைத் திறக்கணும், பெரியப்பா. இவ பே... பேசவே வேண்டாம்." மூத்தவளின் பென்சில் நிற்கிறது. பெரியப்பா தன் வீரன் பொம்மையை மெல்ல நகர்த்தி, அவளுடைய பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கிறார். "கோட்டை வாசக் காவலன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ உள்ள போ, கண்ணு." பகடை உருள்கிறது. அன்று அவர் வாதத்தில் தோற்று விட்டுக்கொடுத்ததாகச் சொந்தத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அவர் கேள்வி கேட்டார், பதில் கிடைத்தது.