மண் மோதிரம்

சிதம்பரத்துக்குத் தெற்கே, வரப்பில் குந்தியிருக்கும் மண் ஆய்வாளர் அம்ரீன் ஈரக் களிமண்ணைப் புழுவாக உருட்டுகிறார். வளைக்கும்போது விரிசல் விட்டால் நிலம் இரண்டாம் தரம், வரப்போகும் ஆலைக்குப் போய்விடும். விடாவிட்டால் முதல் தரம், யாரும் தொட முடியாது. நிலத்துக்காரர் ராஜமாணிக்கமும் மனைவி ஞானாம்பாளும் மூச்சு விடவில்லை. காற்றுப் பட்டு மண் காய்ந்துவிடக் கூடாதல்லவா. "கால்ல ஒட்டுது ஒட்டுதுன்னு தெனம் இந்த மண்ண திட்டுனியே மாமா, இப்ப மன்னிப்பு கேளு," என்று கிசுகிசுக்கிறார் ஞானாம்பாள். ராஜமாணிக்கம் சேற்றைப் பார்த்து மரியாதையாகக் கும்பிடுகிறார். மண் வளைகிறது, முனையோடு முனை சேர்கிறது, ஒரு கீறல் இல்லாமல் வெயிலில் மினுங்குகிறது. "மொதல் தரம்தாம்மா," என்கிறார் அம்ரீன். ராஜமாணிக்கம் அந்த வளையத்தை வாங்கி மனைவியின் விரலில் மாட்டுகிறார். "கல்யாணத்துக்கே போடல இந்த ஆளு," என்றபடி ஞானாம்பாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.