மாவுக்கட்டு போட்ட அக்கா

அம்சவேணிக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்று சொல்லிவிட்டு டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். சிகிச்சைக்கு ஒருத்தியாக, பத்து வருடத்துக்குப் பிந்தைய அம்சவேணிகள் இருவர் அதில் தெரிந்தார்கள். மாத்திரையும் ஓய்வுமாக இருந்தவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டு எடை தூக்கிப் பழகியவள் கையில் மாவுக்கட்டோடு நின்றாள்.

“மாத்திரையே போதும்மா,” என்றான் மகன் தரணி.

அம்சவேணி திரையிலிருந்த கட்டுக்காரியிடம் கேட்டாள். “ஏனுங்க அக்கா, கை எப்படி ஒடஞ்சுது?”

“வெள்ளியங்கிரி மலை எறங்கறப்ப வழுக்கிருச்சு கண்ணு.”

“நீங்க மலைக்குப் போகலீங்களா?” என்று சோபாக்காரியைக் கேட்டாள்.

“பையன் வாசலையே தாண்ட விடறதில்ல கண்ணு.”

தரணி தரையைப் பார்த்தான்.

“ஊசியே போடுங்க டாக்டர்,” என்ற அம்சவேணி, கட்டுக்காரியின் பக்கம் திரும்பினாள். “அக்கா, எந்த எடத்துல வழுக்குச்சுன்னு மட்டும் சொல்லிருங்க.”