ஓரத்தில் ஒரு பெருவிரல்

கட்டுரையை நோட்டில் எழுதி, போட்டோ பிடித்து, வகுப்பின் ஆன்லைன் தளத்தில் ஏற்ற வேண்டும். "யாரு எழுதுனதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். மனசுல உள்ளத எழுதுங்க" என்று ஹெப்சிபா டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தாள். வந்தவற்றில் ஒன்று அவளை உலுக்கியது. குடித்துவிட்டு வந்த அப்பா ஓங்கிச் சாத்திய கதவிடுக்கில் ஒரு சிறுமியின் விரல் மாட்டிக்கொண்ட கதை. எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் காட்ட ஆசைப்பட்டாள். பெயரின் மேல் கறுப்பு பூசி மறைத்தாள். இரண்டு முறை சரிபார்த்தாள். மறுநாள் ஆன்லைன் வகுப்பில் அந்தப் பக்கத்தைத் திரையில் விரித்து வாசித்தாள்.

முடித்ததும் ஒருத்தி கேட்டாள். "டீச்சர், அது செல்வராணி வெரலுல்லா?"

அப்போதுதான் டீச்சர் பார்த்தாள். தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்தபடி, நகம் கறுத்துப்போன பெருவிரல் ஒன்று படத்தில் விழுந்திருந்தது. குழவிக்கல் விழுந்துவிட்டதென்று செல்வராணி எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்த விரல். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதட்டவாவது செய்திருக்கலாம். செல்வராணியின் கேமரா மட்டும் அணைந்தது.

அடுத்த வாரக் கட்டுரைகளில் ஒரு படத்திலும் விரல் இல்லை. டம்ளர், சீப்பு, சாவிக்கொத்து என்று எதையெதையோ தாளின் மேல் பாரமாக வைத்திருந்தார்கள். செல்வராணி இரண்டே வரி எழுதியிருந்தாள். 'எங்கள் அப்பா நல்லவர். எங்கள் வீட்டுக் கதவுகள் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும்.'

மதிப்பெண் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. டீச்சர் தன் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.