காணி அலுமாரி

“நேற்று விட்ட இடத்தில இருந்து சொல்லுங்கோ, பிள்ளை” என்றார் சந்தியோகு, கதிரையை இழுத்துப் போட்டபடி.

அன்ரோனெற் புத்தகத்தை விரித்தாள். மன்னார் நகரின் அந்தச் சிறிய நூலகத்துக்குப் பொறுப்பாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவளுக்குச் சில மாதங்கள்தான். நில உரிமை, பூர்வகுடிகளின் வரலாறு, சமூக ஆய்வு என்று ஓர் அலுமாரி நிறையப் புத்தகங்கள், முக்கால்வாசி ஆங்கிலம். காதல் கதை தேடி அங்கே யாரும் வருவதில்லை. மீள்குடியேற்றம் தொடங்கியதிலிருந்து அந்த அலுமாரிக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதிதான்: படை முகாமுக்குள் அகப்பட்ட காணி. சந்தியோகுவும் முதல் நாளே, தன் ஊரை முகாமுக்கு எடுத்ததைச் சொன்னார். அவளுக்கு அது போதுமாக இருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மனைவியைச் சண்டையில் பறிகொடுத்த மனுசன். பிள்ளைகளும் இல்லை. காலையில் நூலகம் திறக்கும்போதே வாசலில் நிற்பார். எங்கோ தூர தேசத்துப் பூர்வகுடிகள் வழக்காடி நிலத்தை மீட்ட கதையை அவள் தமிழில் சொல்லச் சொல்ல, கன்னத்தில் கைவைத்துக் கேட்பார். அந்தச் சனம் முழுக்கத் திரும்பிப் போனதா என்று இடையிடையே விசாரிப்பார். புத்தகத்தில் அது இல்லை என்பாள். இவருக்கு வந்த கவலையைப் பார், முதலில் தன் காணி கிடைக்கட்டும் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். ஆனாலும் பள்ளிமுனையில் வாடகை அறையில் தனியே கிடந்த அவளுக்கு, அவர் வராத நாள் நகரவே நகராது.

இன்று அவள் வேறொரு புத்தகத்தையும் எடுத்து வைத்திருந்தாள். யுத்தத்துக்கு முன்னர் ஓர் ஆய்வாளர் சந்தியோகுவின் ஊரிலேயே தங்கி எழுதியது. தேடித் தேடிப் பின்வரிசையில் கண்டுபிடித்திருந்தாள். உள்ளே ஊரின் வரைபடம்: தேவாலயம், கிணறு, மீன்வாடிகள், ஒவ்வொரு வீட்டு வளவுக்கும் உரியவரின் பெயர். அவருடைய வளவும் இருந்தது. இடப்பெயர்வில் காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்தவருக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“இஞ்ச பாருங்கோ ஐயா, உங்கட வளவு.”

சந்தியோகு படத்தில் விரலை வைத்தார். தன் வளவில் அல்ல, பக்கத்து வளவுகளில். ஒவ்வொன்றாகப் பெயரை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

காணி இழந்தவர்களுக்காக இலவசமாக வழக்குப் பேசும் சட்டத்தரணி ஒருவர் அன்று நகருக்கு வந்திருந்தார், மத்தியானத்தோடு போய்விடுவார். படத்தைப் பிரதி எடுத்துத் தருவதாகவும் தானே கூட வருவதாகவும் அன்ரோனெற் சொல்லிப் பார்த்தாள். அவர் எழும்பவில்லை. நாளைக்குப் பார்ப்போம், இப்போது அந்தப் பூர்வகுடிகளின் கதையைச் சொல்லுங்கோ என்றார். இந்த மனுசனுக்காக இத்தனை பாடுபட்டதை நினைக்க அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஐயா, உங்களுக்குக் காணி வேணுமோ, வேண்டாமோ?”

சந்தியோகு வரைபடத்திலிருந்து விரலை எடுக்காமலே சொன்னார்:

“காணியைப் போன வருசமே விட்டிட்டாங்கள், பிள்ளை, வீடும் கட்டியாச்சு. ஊருக்குத் திரும்பி வந்தது நான் ஒராள்தான். விடிஞ்சா கதைக்க ஆளில்லாமல்தான் இஞ்ச வாறனான்.”