பிழிந்த வெள்ளரிக்காய்

கிரேக்கச் சமையல் வகுப்பின் கடைசி வேலை, சமைத்ததைச் சேர்ந்து சாப்பிடுவது. விளக்கடியில் பொதுக் கிண்ணம் நிறைய வெள்ளரிக்காய்த் தயிர் மினுங்குகிறது. எல்லோரும் ரொட்டியைப் பிய்த்து முக்கி முக்கித் தின்கிறார்கள். கணவரோடு வகுப்புக்கு வந்த வங்கிக்காரர் மனைவி வெறும் ரொட்டியையே மெல்கிறாள். வடிதுணி கிடைக்காமல் கணவர் வெள்ளரித் துருவலை எதில் கட்டிப் பிழிந்தார் என்று அவள் மட்டும்தான் பார்த்தாள். மானம் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

"தயிர் என்ன கெட்டி! இப்படி ஒட்டப் பிழிஞ்சது யாருங்க?" என்கிறார் சமையல் டீச்சர்.

"நான்தாங்க!" வங்கிக்காரர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பச்சைக்கறை படிந்த கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். காலையிலிருந்து சிந்திய மூக்கை மறுபடியும் அதிலேயே சிந்துகிறார்.

மென்ற வாய்கள் அப்படியே நிற்கின்றன. பிறகு ஒவ்வொரு கண்ணாக, தயிரே படாத அவள் தட்டின்மேல் வந்து விழுகிறது.