ஸ்ட்ராபெரி பழுத்ததும்

“பழம் பறிச்சதும் காலி பண்ணிடறேன் சார். பூக்கிற நேரத்துல இடம் மாத்தினா செடி தாங்காது.”

மாடியில் குடியிருந்த நர்ஸ் இப்படிக் கேட்டபோது வீட்டுக்காரர் சம்மதித்தார். மாடி அவருடைய தம்பி குடும்பத்துக்குத் தேவைப்பட்டது. அவர்கள் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மொட்டைமாடியில் அவள் வைத்திருந்த எட்டு பெயிண்ட் வாளிகளிலும் ஸ்ட்ராபெரிச் செடி செழிப்பாகத்தான் இருந்தது.

இரண்டு மாதமும் ஓடிவிட்டது. வாளிகளில் இலைதான் மண்டியது.

“என்னம்மா, பழம் எங்க?”

“பூ வருது சார், மறுநாள் காணோம். எனக்கே புரியல.”

“பூவைக் கிள்ளணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அது முதல் பூவை மட்டும் சார், செடி தேறணும்னு. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது.”

அவர் நம்பவில்லை. கீழே வந்து மனைவியிடம் பொரிந்தார்.

“அந்தம்மாவே கிள்ளிப் போட்டுட்டு நமக்குக் காது குத்தறாங்க. தம்பிக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“அவங்க அப்படிப்பட்டவங்க இல்லைங்க” என்றாள் மனைவி, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவதென்று, மறுநாள் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவள் வாளி வாளியாகக் குனிந்து, வெள்ளைப் பூக்களைக் கிள்ளி உள்ளங்கையில் சேர்த்தாள்.

பாய்ந்து எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“நீயா?”

மனைவி பூக்களை மறைக்கவில்லை.

“அவங்க போயிட்டா நான் யார்கூடப் பேசறது? உங்ககூடவா?”